கேள்வி – பதில்: நாடு தாண்டிய கட்சி

ஐரோப்பாவில் பல நாட்டு சமூக ஜனநாயகக் கட்சிகள் சேர்ந்து ஒரே கட்சி நடத்துகின்றனவாமே? நம் ஊர்க் கூட்டணி மாதிரியா? – வாசகர், திருநெல்வேலி

தொகுதிப் பங்கீடு இல்லாத கூட்டணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் நாட்டில் அவரவர் சின்னம்தான். 1974ல் கூட்டமைப்பாகத் தொடங்கியது, 1992 நவம்பரில் ஹேக் நகரில் ஐரோப்பிய சோஷலிஸ்ட் கட்சி ஆனது. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குள் இருக்கும் ‘சோஷலிஸ்டுகள், ஜனநாயகவாதிகள்’ குழு வேறு. இத்தாலியின் ஜனநாயகக் கட்சி 2009ல் குழுவில் சேர்ந்தது. அதற்காகத்தான் குழுவின் பெயரே மாறியது. கட்சியில் அது சேர்ந்ததோ 2014ல்! குழு அமைக்க 7 நாடுகளிலிருந்து 23 எம்.பி.க்கள் போதும். 2024 தேர்தலில் இந்தக் குழுவுக்கு 720ல் 136 இடங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? – மாணவி, திருச்சி

பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றிய பட்ஜெட்டிலிருந்து. பதிவு பெற்ற கட்சிகளுக்கான மொத்தத் தொகையில் 10% எல்லோருக்கும் சமமாகவும், 90% எம்.பி. எண்ணிக்கைப்படியும் பிரிக்கப்படும். 2018 சட்டத் திருத்தம், ஏற்கத்தக்க செலவில் 90% வரைதான் மானியம் என்று வைத்தது. மீதியைச் சந்தா, நன்கொடை மூலம் கட்சியே திரட்ட வேண்டும். ஒருவர் ஆண்டுக்கு 18,000 யூரோவுக்கு மேல் தரக்கூடாது. உள்நாட்டுக் கட்சிக்கோ அதன் வேட்பாளருக்கோ இதிலிருந்து ஒரு காசும் போகக்கூடாது. பொதுக்கூட்ட மேடையில் உள்நாட்டு வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டால் அந்தச் செலவு மானியக் கணக்கில் ஏறாது என்ற பயம் எப்போதும் உண்டு.

உறுப்புக் கட்சி ஒன்று தடம் மாறினால் என்ன செய்வார்கள்? – வாசகர், மதுரை

இடைநீக்கம், பிறகு நீக்கம். வேறு ஆயுதமில்லை. ஸ்லோவாக்கியாவின் ஸ்மெர் கட்சியைப் பாருங்கள். 2006ல் தீவிர தேசியவாதக் கட்சியோடு ஆட்சி அமைத்ததற்காக இடைநீக்கம் செய்தார்கள். சிறுபான்மையினர் உரிமைகளை மதிப்போம் என்று இரு கட்சித் தலைவர்களும் உறுதி கொடுக்க, 2008ல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டணி அப்படியே தொடர்ந்தது, தடைதான் விலகியது. 2023ல் அதே கட்சியோடு மறுபடி கூட்டணி, மறுபடி இடைநீக்கம். 2025 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில்தான் வெளியேற்றினார்கள். ஏன் இத்தனை தயக்கம்? எம்.பி. எண்ணிக்கை குறைந்தால் மானியமும் குறையும். நாடாளுமன்றத்தில் குழுவின் பேச்சு நேரமும் நிலைக்குழுத் தலைமைப் பொறுப்புகளில் பங்கும் அதே எண்ணிக்கையைப் பொறுத்தவைதாம். தண்டிப்பவருக்கும் நஷ்டம்.

கொறடா உத்தரவு செல்லுமா? – வாசகர், சேலம்

செல்லாது. 2019 ஜூலையில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக உர்சுலா ஃபான் டெர் லேயன் தேர்வானபோது ஸ்பெயின் சோஷலிஸ்டுகள் ஆதரித்தார்கள், ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி (எஸ்.பி.டி.) எம்.பி.க்கள் எதிர்த்தார்கள். தேவை 374 வாக்கு, கிடைத்தது 383. மறுபடி எம்.பி. ஆக யாரைப் பட்டியலில் போடுவது என்று முடிவு செய்வது உள்நாட்டுத் தலைமை. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பியத் தலைமை சொல்வதை யார் கேட்பார்கள்?

ஆணையத் தலைவர் பதவிக்குப் பொது வேட்பாளர் நிறுத்துகிறார்களே, பலன் உண்டா? – வாசகி, கோவை

2014ல் ஷுல்ஸ், 2019ல் டிம்மர்மன்ஸ், 2024ல் ஷ்மிட். மூவரில் ஒருவரும் ஆணையத் தலைவராகவில்லை. 2014ல் பிரிட்டன் தொழிற்கட்சி, உறுப்பினராக இருந்தும், ஷுல்ஸை ஆதரிக்கவே மறுத்தது.