பண்டிகை நாளில் ஆபீஸ், போனில் பேசினால் அழுகை: வெளிநாட்டில் குடும்பப் பண்டிகையைக் கொண்டாடுவது எப்படி?

கேள்வி: வேலைக்காக வெளிநாடு வந்து எங்களுக்கு இது மூன்றாவது வருடம். 9 வயதில் மகன், 4 வயதில் மகள். ஊரில் பண்டிகை என்றால் வீட்டில் 20 பேர் இருப்போம். இங்கே அன்றைக்கு வேலை நாள். போன வருடம் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்து முடித்தேன். இரவு வீடியோ காலில் அம்மா முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன், அம்மாவும் அழுதார். “இந்த ஊர்ப் பண்டிகைதான் நல்லா இருக்கு, நம்ம பண்டிகைன்னா நீங்க அழறீங்க” என்கிறான் மகன். மாமியாரோ ஒவ்வொரு வருடமும் “இந்தத் தடவையாவது வரீங்களா?” என்று கேட்கிறார். வருடா வருடம் போய்வர எங்களால் முடியாது. அடுத்த பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் மகன் சொன்ன வாக்கியம்தான். அவனுக்குப் பண்டிகை பிடிக்காமல் போகவில்லை. அம்மா களைத்துப்போய் அழுகிற நாள் என்று அது அவன் மனதில் பதிந்துவிட்டது. இதை மாற்ற முடியும். அதற்கு நீங்கள் போன வருடத்தைவிட அதிகமாக உழைக்கத் தேவையில்லை, குறைவாகச் செய்தாலே போதும்.

ஏன் இவ்வளவு களைப்பு என்று முதலில் பார்ப்போம். குடும்பச் சடங்குகளை ஆராய்ந்த ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1984-ல் அவற்றை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஊரே சேர்ந்து கொண்டாடும் பண்டிகைகள் ஒரு வகை. பிறந்தநாள், மணநாள் போல ஒவ்வொரு குடும்பமும் தன் வழியில் கொண்டாடுபவை இரண்டாவது வகை. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது கதை சொல்வது போன்ற அன்றாட வழக்கங்கள் மூன்றாவது. வெளிநாடு போனதும் முதலில் அடி வாங்குவது முதல் வகைதான். ஊரில் அந்தப் பண்டிகையைத் தாங்கிப் பிடித்தது உங்கள் வீடு மட்டும் இல்லை. பள்ளி விடுமுறை, கடைத்தெருக் கூட்டம், அக்கம்பக்கத்துச் சத்தம், வந்து போகும் உறவினர்கள் எல்லாரும் சேர்ந்து சுமந்தது அது. அத்தனை பேர் சுமந்ததைப் போன வருடம் நீங்கள் ஒருவரே சுமந்தீர்கள்.

அதனால் என் யோசனை ஒன்றுதான். ஊர்ப் பண்டிகையை வீட்டுப் பண்டிகையாக மாற்றிக்கொள்ளுங்கள். அதாவது, முதல் வகையிலிருந்து இரண்டாவது வகைக்குக் கொண்டுவாருங்கள். 20 பேர் செய்ததை 4 பேர் செய்துகாட்ட வேண்டாம். அந்த 4 பேருக்கு அது என்ன நாள் என்று புதிதாக முடிவு செய்யுங்கள்.

அதை முடிவு செய்ய இந்த வாரமே ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் நால்வரும் உட்காருங்கள். “எது இல்லாவிட்டால் உனக்கு அது பண்டிகை மாதிரியே இருக்காது?” என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஆளுக்கு ஒன்றுதான். வரும் பதில்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும். பெரியவர்கள் மாங்கு மாங்கென்று செய்யும் வேலைகளைப் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. அன்றைக்குக் காலையில் எல்லாரும் ஒன்றாக இருப்பது, அப்பா போனை எடுக்காமல் இருப்பது, இரவு வெகுநேரம் முழித்திருக்க அனுமதி கிடைப்பது என்று சின்ன விஷயங்களாக வரும். வந்த நான்கையும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் விடுங்கள். முடிந்த வருடம் செய்யலாம், முடியாத வருடம் இல்லை.

பார்பரா ஃபீஸ் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தத் துறையில் 50 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வழக்கம் வேறு, சடங்கு வேறு என்று அதில் பிரித்துக் காட்டுகிறார்கள். ‘இதைச் செய்து முடிக்க வேண்டும்’ என்பது வழக்கம். ‘நாங்கள் இப்படிப்பட்டவர்கள்’ என்று சொல்வது சடங்கு. உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வேலையையும் இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். வெறும் வேலையாக மிஞ்சுவதை வெளியே வாங்கிக்கொள்ளலாம், அல்லது விட்டுவிடலாம்.

இன்னொன்று, ஆளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். வருடா வருடம் அதே பொறுப்பு அதே ஆளுக்குத்தான். 4 வயதுக் குழந்தைக்கும் ஒன்று வேண்டும், அது பெயருக்குக் கொடுத்த வேலையாக இருக்கக் கூடாது. அவள் செய்யாவிட்டால் அடுத்தது தொடங்காது என்கிற மாதிரி இருக்க வேண்டும். மகனுக்கு 9 வயது ஆகிவிட்டது, ஒரு பகுதியை முழுதாகவே அவனிடம் விடலாம். கொஞ்சம் கோணல்மாணலாக வரும், வரட்டும். நம் பண்டிகை பிடிக்கவில்லை என்று சொன்ன எத்தனையோ பிள்ளைகள், பொறுப்பு கையில் வந்ததும் மாறியதைப் பார்த்திருக்கிறேன். வேடிக்கை பார்ப்பவராக இருந்தால் எந்தப் பண்டிகை பளபளப்பு என்று ஒப்பிடத் தோன்றும். நடத்துபவருக்கு அந்த நினைப்பே வருவதில்லை.

சரி, வேலை நாள் பிரச்சினைக்கு வருவோம். பண்டிகையை வார இறுதிக்குத் தள்ளலாமா என்று பலரும் கேட்கிறார்கள். விருந்தையும் நண்பர்களை அழைப்பதையும் தாராளமாகத் தள்ளுங்கள். ஆனால் அந்த நாளை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். காலையில் ஆபீஸும் பள்ளிக்கூடமும் கிளம்பும் முன் 20 நிமிடம் போதும், உங்கள் நான்கில் ஒன்றை அப்போது செய்துவிடுங்கள். மொத்தத்தையும் சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கும் வீடுகளில் மூன்று நான்கு வருடத்தில் சனிக்கிழமையும் நழுவிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். லீவு வேண்டும் என்றால் வருடத் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள். அந்த நாள் உங்களுக்கு ஏன் முக்கியம் என்று மேலதிகாரிக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் இரண்டு வரி எழுதுங்கள். பண்டிகை இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

தேதியையும் ஒருமுறை சரிபாருங்கள். சந்திரனை வைத்துக் கணக்கிடும் பண்டிகைகளில் இது முக்கியம். அமாவாசையோ பௌர்ணமியோ உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில்தான் நிகழ்கிறது. ஆனால் அந்தக் கணத்தில் ஊரில் ஒரு தேதி, நீங்கள் இருக்கும் இடத்தில் வேறு தேதி என்று இருக்கலாம். ஒரே பண்டிகையை இரண்டு நாடுகளில் இரண்டு நாளில் கொண்டாடுவது இதனால்தான். எந்தத் தேதி என்பதைக் குடும்பமாக முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் கடைசி நேரக் குழப்பம் இருக்காது. நேர வித்தியாசமும் மாறும். ஐரோப்பாவில் கோடைக்கால நேரம் மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அமெரிக்காவிலோ மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. பல நாடுகளில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. போன வருடம் பேசிய அதே நேரம் இந்த வருடமும் ஒத்துவரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

அந்த வீடியோ கால் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாம் நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஆய்வில் இது தெரியவந்தது. இணையத்தில் குரல் வந்து சேரும் தாமதம் அந்த இடைவெளியைக் குலைத்துவிடுகிறது. இருவர் பேசினால் சமாளிக்கலாம். 20 பேர் கூடிய வீட்டில் போன் கை மாறி மாறிப் போகும்போது யார் என்ன சொன்னார் என்றே புரியாது. “சாப்பிட்டாயா? எப்போ வருவாய்?” என்ற இரண்டு கேள்விகள்தான் காதில் விழும். அன்பு இல்லாமல் இல்லை, அந்தக் கருவியால் அவ்வளவு பேரைத் தாங்க முடியாது. வெளிநாட்டில் என் முதல் பண்டிகையில் அப்படி ஒரு அழைப்பை முடித்துவிட்டு, ஊரில் எல்லாரும் இருக்கிறார்கள், நான் மட்டும் இல்லை என்று வெகுநேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அதனால் அழைப்பைப் பண்டிகையின் உச்சமாக வைக்காதீர்கள், நாள் முடிவிலும் வைக்காதீர்கள். களைத்த நேரத்தில் அழுகை எல்லாருக்கும் எளிதாக வரும். ஊரில் கூட்டம் சேர்வதற்கு முன், அல்லது முந்தைய நாளே, அம்மாவிடம் தனியாக 15 நிமிடம் பேசுங்கள். பேச்சைவிட ஒரு வேலையைச் சேர்ந்து செய்வது இன்னும் நல்லது. போனைச் சாய்த்து வைத்துவிட்டு அங்கே அம்மாவும் இங்கே நீங்களும் ஒரே வேலையைச் செய்யுங்கள். கைகளுக்கு வேலை இருந்தால் மௌனம்கூட உறுத்தாது. பண்டிகை நாளில் எல்லாருக்கும் கையசைக்க ஐந்து நிமிடம் போதும்.

அழுதது தவறா? இல்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்படிப்பட்ட வருத்தத்தைத் தெளிவற்ற இழப்பு என்று விளக்கினார். போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தபோது அவருக்குக் கிடைத்த கருத்து இது. புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. அம்மா உயிரோடு நலமாக இருக்கிறார், ஆனால் பக்கத்தில் இல்லை. இழந்தோம் என்று சொல்லவும் முடியாது, இருக்கிறார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. இந்த வருத்தத்தைப் பிள்ளைகளிடம் ஒளிக்கத் தேவையில்லை. “பாட்டியை நினைத்தால் அழுகை வருகிறது, பண்டிகை எனக்குப் பிடிக்கும்” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மகன் இதுவரை முதல் பாதியை மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

மாமியாருக்கு உங்கள் கணவர்தான் பதில் சொல்ல வேண்டும், அதுவும் பண்டிகை நெருங்கும் முன்பே. “பார்க்கலாம் அம்மா” என்ற சொல்தான் எல்லாருக்கும் வலியைத் தருகிறது. அந்த நம்பிக்கையில் அவர் கடைசி வாரம் வரை காத்திருக்கிறார். இந்த வருடம் இல்லை, எந்த வருடம், எந்த மாதம் என்று தெளிவாகச் சொல்லட்டும். மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் முடியும் என்றால் அதையே சொல்லலாம். பண்டிகை இல்லாத மாதத்தில் போவதையும் யோசியுங்கள். டிக்கெட் விலை குறைவாக இருக்கும், மாமியாரும் வேலையில் மூழ்காமல் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்.

இந்த ஊர்ப் பண்டிகையோடு போட்டி வேண்டாம். பிள்ளைகள் அதில் சந்தோஷமாகக் கலந்துகொள்ளட்டும். பெற்றோரின் வேலைக்காக வேறு நாட்டில் வளரும் பிள்ளைகளை மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள் என்று அழைத்தார் ரூத் யூசீம் என்ற சமூகவியலாளர். பெற்றோரின் பண்பாடு ஒன்று, வாழும் நாட்டின் பண்பாடு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் அவர்கள் வாழ்வது மூன்றாவது. அங்கே இரண்டுக்கும் இடம் உண்டு. மகனின் பள்ளித் தோழன் ஒருவனை அவன் குடும்பத்தோடு உங்கள் சனிக்கிழமை விருந்துக்குக் கூப்பிடுங்கள். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று தோழனுக்கு விளக்க வேண்டியவன் உங்கள் மகன். தெரியாததை உங்களிடம் வந்து கேட்பான், பாருங்கள்.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. வாடகை வீட்டில் நெருப்போ புகையோ வரும் எதையும் செய்யும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். புகை அலாரத்தை மட்டும் கழற்றி வைக்காதீர்கள். பட்டாசு, மத்தாப்பை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோகக் கூடாது, பெட்டியிலும் கூடாது. விதை, செடி, இறைச்சி, பால் பொருட்களுக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. ஊரிலிருந்து யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லும் முன் விசாரியுங்கள்.

இரண்டு மாதம் இருப்பதால் இன்னொரு வேலையும் செய்யலாம். அம்மாவுக்கும் மாமியாருக்கும் இந்தப் பண்டிகையில் ஆளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். அவர்களுக்கு 9 வயதாக இருந்தபோது அந்த நாள் எப்படி விடிந்தது, யார் எழுப்பினார்கள், அவர்களுடைய வேலை என்னவாக இருந்தது என்று போனில் குரலாகப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். கேள்விகளை மகன் எழுதட்டும், மகள் ஒன்றைச் சேர்க்கட்டும். வந்த பதிவை முன்கூட்டியே கேட்டுவிடாதீர்கள். அன்றைக்குக் காலையில் அந்த 20 நிமிடத்தில் நால்வரும் சேர்ந்து முதல்முறையாகக் கேளுங்கள்.