அலையாத்திப் புதருக்குள் எலி மருந்து தூவலாமா?

கேள்வி: எண்ணூர் கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் குடியிருப்பு. பின்னால் உள்ள அலையாத்திப் புதரிலிருந்து எலியும் பெருச்சாளியும் வருகின்றன. புதர் முழுக்க மருந்து தூவ வீட்டுக்கு 500 ரூபாய் கேட்கிறார் ஒரு கான்ட்ராக்டர். ஆர்கானிக் மருந்தாம், நாய் பூனைக்கு ஒன்றும் ஆகாதாம். நியூசிலாந்தில் அரசாங்கமே காட்டில் ஹெலிகாப்டரில் விஷம் தூவுகிறதே, நாங்கள் செய்தால் என்ன?

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

நியூசிலாந்துக் காடுகளுக்கே உரிய பாலூட்டி வௌவால் மட்டும்தான். எலி, ‘பாசம்’ (possum) என்ற மரமேறி விலங்கு எல்லாம் மனிதர்கள் கொண்டுபோய் விட்டவை. அதனால்தான் ‘1080’ என்ற விஷத்தை அங்கே தூவுகிறார்கள். அதற்கே அங்கு ஓயாத சண்டை. இங்கே கீரி, மரநாய், சாரைப்பாம்பு, கூகை எல்லாம் இந்த மண்ணிலேயே இருப்பவை. உங்கள் எலியைச் சம்பளமில்லாமல் தின்பவையும் அவைதான்.

கடையில் கிடைக்கும் கட்டி மருந்து பெரும்பாலும் புரோமடியோலோன். ரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் தள்ளாடித் திரியும். கூகைக்குச் சுலபமாகச் சிக்குவதும் அந்த எலிதான், அதோடு விஷமும் கூகைக்குள் போகும். நண்டும் இந்தக் கட்டியைக் கொறிக்கும். சாகாது, ஆனால் விஷத்தை உடம்பில் சுமக்கும். கழிமுகத்து நண்டு யார் வீட்டுக் குழம்புக்குப் போகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அப்புறம், அந்த கான்ட்ராக்டர். எலியைக் கொல்லும் மருந்து நாயை மட்டும் எப்படி விட்டுவைக்கும்? லேபிள் இல்லாத பொட்டலம் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். காசு வாங்கி மருந்தடிக்க 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். வளைக்குள் போட ‘மாத்திரை’ இருக்கிறது என்றால் அது அலுமினியம் பாஸ்பைடாக இருக்கலாம். பொதுமக்களுக்கு விற்கவே கூடாத சரக்கு, ஆனாலும் கைமாறுகிறது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டில் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்ததை மறந்துவிட்டோமா?

மருந்து வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒரே ஒரு இடம்: காம்பவுண்டுக்கு உள்ளே, சுவரோரம், பூட்டிய பெட்டிக்குள். எலி சுவரை உரசியபடியேதான் ஓடும், அதனால் ஓரம். குழந்தை கை நுழையக் கூடாது, அதனால் பூட்டு. மழையில் கரைந்து ஓடக் கூடாது, அதனால் தரையில் நேராக வைக்காதீர்கள். காலையில் செத்த எலியைக் கையுறையோடு எடுத்துப் புதையுங்கள். புதர்ப் பக்கம் வீசாதீர்கள். திரும்பச் சொல்கிறேன், புதருக்குள் ஒரு கட்டிகூடப் போகக் கூடாது.

மீன் கழிவும் குப்பையும் திறந்து கிடக்கும்வரை புதிய எலி வந்துகொண்டேதான் இருக்கும். குப்பைக்கு ஓர் அலுவலகம், மரத்துக்கு ஓர் அலுவலகம், மருந்துக்கு ஓர் அலுவலகம். மூன்றும் ஒன்றையொன்று கைகாட்டும். விடாமல் எழுத்தில் புகார் கொடுங்கள்.

யாராவது மருந்தைத் தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் மருந்தின் அட்டைப்பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். புரோமடியோலோனுக்கு விஷமுறிவு மருந்தாக வைட்டமின் கே1 உண்டு. பாஸ்பைடுக்கு விஷமுறிவு மருந்தே கிடையாது.