ஒற்றைச் சுழற்சி அலைகளை நாமே உருவாக்குதல்: கேள்வியும் பதிலும்

கணினியில் இசையமைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நண்பர்கள், சாஃப்ட்வேர் சிந்தசைசர்களுக்கு (ஒலியைக் கணினியிலேயே உருவாக்கும் மென்பொருள்களுக்கு) வேண்டிய அலைவடிவங்களைத் தாங்களே செய்துகொள்வது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளில் பலர் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (அரூர்): ஐயா, சிங்கிள் சைக்கிள் என்கிறார்களே, ஒரே ஒரு சுழற்சிக்குள் என்ன இருந்துவிடப் போகிறது? சாதாரண சாம்பிளுக்கும் (பதிந்த ஒலித்துண்டுக்கும்) இதற்கும் என்ன வேறுபாடு?

பதில்: நீடித்து ஒலிக்கும் ஒரு சுரத்தை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்த வடிவம் ஒருமுறை முழுமையடையும் நீளத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அதுவே ஒற்றைச் சுழற்சி அலை. சிந்தசைசர் அதை வினாடிக்கு எத்தனை முறை ஓட்டுகிறதோ அதுவே சுரத்தின் உயரமாகிறது. காதுக்குத் தெரியும்படி அதற்குள் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு ஹார்மோனிக்கும் (அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்கில் ஒலிக்கும் கூறும்) எவ்வளவு வலுவாக இருக்கிறது என்ற விகிதம். ரம்ப அலையில் எல்லா ஹார்மோனிக்குகளும் 1, 1/2, 1/3, 1/4 என்று குறைந்துகொண்டே வருகின்றன. சதுர அலையில் ஒற்றைப்படை எண்ணுள்ளவை மட்டும் அதே விகிதத்தில் வருகின்றன. முக்கோண அலையிலும் ஒற்றைப்படைதான். ஆனால் 1, 1/9, 1/25 என்று மிக வேகமாகக் குறைந்துவிடுவதால் அது மென்மையாக ஒலிக்கிறது. சாதாரண சாம்பிளில் உள்ள தொடக்க வேகம், மூச்சு, கமகம், அடங்கும் விதம் ஆகிய எதுவும் இதில் கிடையாது. அவற்றை என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் விதம்), ஃபில்டர் (சில அதிர்வெண்களைக் குறைப்பது), பிட்ச் பெண்ட் (சுரத்தை வளைப்பது) ஆகியவற்றால் நீங்கள்தான் தர வேண்டும்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): இலவசமாகக் கிடைக்கும் சில அலைகள் 600 சாம்பிள் (அதாவது 600 ஒலிப் புள்ளிகள்) நீளம் இருக்கின்றன, சீரம், வைட்டல் ஆகிய சிந்தசைசர்கள் 2048 கேட்கின்றன. எதை வைத்துக்கொள்வது?

பதில்: எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாம்ப்ளரில் (பதிந்த ஒலித்துண்டைச் சுரங்களாக வாசிக்கும் மென்பொருளில்) போட்டால், வினாடிக்கு 44100 சாம்பிள் என்ற வழக்கமான பதிவு வேகத்தை நீளத்தால் வகுத்து வருவதே அதன் இயல்பான அதிர்வெண். 600 சாம்பிளுக்கு 73.5 ஹெர்ட்ஸ் வருகிறது; அது இரண்டு கட்டைச் சட்ஜத்தின் கீழ் ஸ்தாயியில், ஏறத்தாழ சுருதி சுத்தமாக அமர்கிறது. 2048-க்கு 21.53 ஹெர்ட்ஸ் வருகிறது. அது எந்தச் சுரத்திலும் நேராக விழாததால், ரூட் கீயை (அலை எந்தச் சுரம் என்று சாம்ப்ளருக்குச் சொல்லும் அமைப்பை) மிடி எண் 17 என்று வைத்து 23 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) உயர்த்த வேண்டும். ஒற்றைச் சுழற்சி அலைகளை வரிசையாக வைத்து வாசிக்கும் வேவ்டேபிள் சிந்தசைசரில் இந்தக் கவலை இல்லை. ஒரு ஃபிரேம் என்றால் ஒரு சுழற்சி என்று அதுவே எடுத்துக்கொள்ளும். எனவே மூலப் பிரதியை 2048-ல் வைத்துக்கொண்டு, சாம்ப்ளருக்குத் தேவைப்படும்போது 600-க்குச் சுருக்கிக்கொள்வதே நல்லது.

கேள்வி (பென்னாகரம்): அண்ணா, எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் வாசிக்கும் முகவீணை என்ற சிறு ஊதுகருவியின் ஒலியைச் சிந்தசைசருக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பதிவும் கையில் இருக்கிறது. ஒரு சுழற்சியை வெட்டினால் "கிர்ர்" என்ற இரைச்சல்தான் வருகிறது. எங்கே தவறுகிறது?

பதில்: இந்தக் கேள்விக்கு விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் பகுதியிலிருந்து உலகத்தார் கைக்குப் போக வேண்டிய ஒலிகளில் முகவீணையும் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் பதிவு. பாட்டும் தாளமும் கலந்த கூத்து இரவின் பதிவு இதற்கு உதவாது. கலைஞரிடம் கேட்டு, தனியாக, கமகம் இல்லாமல் ஒரே சுரத்தைச் சில வினாடிகள் ஊதச் செய்து பதியுங்கள். செல்பேசியில் பதிவதானால் வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலியைப் பயன்படுத்தி, இரைச்சல் குறைப்பையும் தானியங்கி ஒலி அளவையும் நிறுத்திவிடுங்கள். கருவியை மைக்குக்கு மிக அருகில் பிடித்தால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட பதிவைச் சரிசெய்ய முயல்வதைவிட மறுபடி பதிவதே மேல்.

அடுத்தது அளவு. நீங்கள் பதிந்த சுரம் 587 ஹெர்ட்ஸ் அருகே இருப்பதாக வைத்துக்கொள்வோம். 44100 சாம்பிள் வேகத்தில் ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 75 புள்ளிகள்தான் கிடைக்கும். உண்மையான நீளம் 75.125 என்றால், 75-ல் வெட்டும்போது இறுதிப் புள்ளிக்கும் தொடக்கப் புள்ளிக்கும் இடையே ஒரு சிறு படி உண்டாகிறது. அந்தப் படி ஒவ்வொரு சுழற்சியிலும் திரும்ப வருவதால் காதுக்கு இரைச்சலாகக் கேட்கிறது. உங்கள் "கிர்ர்" பெரும்பாலும் இதுதான்.

ஆகவே, வெட்டிவிட்டு நீட்டாதீர்கள், நீட்டிவிட்டு வெட்டுங்கள். சீராக ஒலிக்கும் அரை வினாடிப் பகுதியைத் தனி டிராக்கில் எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த எட்டுச் சுழற்சிகளின் மொத்த நீளத்தைச் சாம்பிள் கணக்கில் அளந்து எட்டால் வகுங்கள். 601 வந்தால் ஒரு சுழற்சி 75.125. அதை 2048-ஆல் வகுத்தால் 0.03668. ஆடாசிட்டியின் வேகம் மாற்றும் எஃபெக்டில் இந்தப் பெருக்கத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு சுழற்சியும் 2048 சாம்பிளுக்கு நீண்டுவிடும். ஒலி உறுமலாகத் தாழ்ந்துபோவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது சிந்தசைசருக்குள் போனதும் சரியாகிவிடும். பிறகு, நடுப்பகுதியில் அலை கீழிருந்து மேலாகப் பூச்சியக் கோட்டைக் கடக்கும் இடத்தில் தொடங்கி, மிகச் சரியாக 2048 சாம்பிளை வெட்டுங்கள். முகவீணை போன்ற சீவாளிக் கருவியின் அலை ஒரே சுழற்சிக்குள் பலமுறை பூச்சியத்தைக் கடக்கும். அதனால் 2048 தள்ளி அதே சாய்வோடு அதே கடப்பு வருகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதன் பின்னும் முனைகள் சிறிது பொருந்தாவிட்டால், வெட்டிய பகுதியின் கடைசி 100 சாம்பிளை, தொடக்கத்துக்கு முன்னால் இருந்த 100 சாம்பிளோடு கிராஸ்ஃபேட் (ஒன்று மெல்லத் தேய, மற்றது வளரும்படி கலத்தல்) செய்யுங்கள்.

பதிவு 48000 வேகத்தில் இருந்தாலும் முறை இதுவேதான். அளந்து வரும் எண் மட்டும் மாறும்.

கேள்வி (பாலக்கோடு): நான் வெட்டும் அலை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. தொடக்கம் கோட்டில் இருந்தால் முடிவு மேலே ஏறி நிற்கிறது. வீட்டில் லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுத்தான் பதிகிறேன்.

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பதிவில் கலந்திருக்கிறது. அதன் ஒரு சுழற்சி 882 சாம்பிள். நீங்கள் வெட்டும் சுரம் 294 ஹெர்ட்ஸ் என்றால் அதன் சுழற்சி 150 சாம்பிள். உறுமலின் ஆறில் ஒரு பங்கு மட்டுமே உங்கள் துண்டுக்குள் அகப்படுவதால் அது சாய்வாகத் தெரிகிறது. சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் பதியுங்கள். பதிந்து முடித்ததாக இருந்தால், வெட்டுவதற்கு முன்பே 150 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஒலியைக் குறைப்பது) போடுங்கள். வெட்டிய பிறகு போட்டுப் பயனில்லை.

கேள்வி (ஓசூர்): வைட்டலின் எடிட்டரில் மவுஸால் அழகழகான வடிவங்களை வரைகிறேன். பார்க்க ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. கேட்டால் எல்லாம் ஒரே மாதிரி கரகரக்கின்றன.

பதில்: கண் பார்ப்பது வடிவத்தை, காது கேட்பது ஹார்மோனிக்குகளின் வலுவை. ஒரே வலு விகிதத்தை வைத்துக்கொண்டு ஃபேஸ்களை (ஒவ்வொரு ஹார்மோனிக்கும் சுழற்சியில் எங்கே தொடங்குகிறது என்பதை) மட்டும் மாற்றினால் படம் முற்றிலும் வேறாகத் தெரியும், ஆனால் சீரான சுரத்தில் காதுக்கு வேறுபாடு மிகக் குறைவே. மறுபுறம், கை நடுங்கி விழுந்த ஒரு சிறு முறிவு கண்ணுக்குத் தெரியாமலே உயர் ஹார்மோனிக்குகளைக் கொட்டிவிடும். நீங்கள் கேட்கும் கரகரப்பு அந்த முறிவுகளுடையது.

வரைவதை விட்டுவிட்டு, ஹார்மோனிக்குகளைக் கம்பிகளாகக் காட்டும் பகுதிக்குப் போங்கள். முதல் எட்டுக் கம்பிகளை மட்டும் வைத்து ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுங்கள். இரட்டைப்படையை எடுத்துவிட்டால் கிளாரினெட்டின் கீழ்ச் சுரங்களைப் போல உள்ளீடற்ற ஒலி வரும். முதல் கம்பியை முழுதாகக் குறைத்தாலும், மற்றவை அதன் மடங்குகளாக இருப்பதால், காது அதே சுரத்தையே கேட்கும்; இதை ஒருமுறை நேரில் கேட்டுப் பாருங்கள். இந்தப் பயிற்சியைப் போலக் காதைத் தீட்டுவது வேறொன்றும் இல்லை என்பது என் கருத்து.

கேள்வி (பர்கூர்): பம்பையிலிருந்து ஒற்றைச் சுழற்சி எடுக்க முடியுமா?

பதில்: பம்பையாகக் கேட்கும்படி எடுக்க முடியாது. வட்டத் தோல் ஒன்று சீராக இழுத்துக் கட்டப்பட்டிருந்தால், அதன் மேலொலிகள் அடிப்படையைப் போல 1.59, 2.14, 2.30, 2.65 மடங்கு என்று முழு எண்ணில் அடங்காமல் வருகின்றன. ஒற்றைச் சுழற்சி அலையோ முழு மடங்குகளை மட்டுமே ஏந்தும். மிருதங்கத்தின் நிலை வேறு: வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) நடுவில் இடும் கரணை என்ற கரிய சாந்து அந்த மேலொலிகளை ஏறத்தாழ முழு மடங்குகளுக்கு இழுத்துவருகிறது என்பதை சி. வி. ராமன் 1920-லேயே எழுதிக் காட்டினார். எனவே மிருதங்கத்தின் நாதமுள்ள சொல்லிலிருந்து ஓர் அலை எடுக்கலாம். பம்பைக்கு முழு அடியையும் சாம்பிளாகப் பதிவதே சரி.

கேள்வி (பென்னாகரம்): ஒகேனக்கல் அருவியின் ஓசையிலிருந்து?

பதில்: அதில் திரும்ப வரும் வடிவமே கிடையாது. எந்த 2048 சாம்பிளை வெட்டிச் சுழற்றினாலும் அருவி மறைந்து ஒரு முரட்டுச் சுரம்தான் வரும். அந்தச் சுரம் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அருவி வேண்டுமென்றால் நீண்ட பதிவை வைட்டலின் சாம்பிள் பகுதியில் போடுங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): முகவீணை அலை பதிந்த சுரத்தில் அப்படியே இருக்கிறது. மூன்று ஸ்தாயி கீழே போனால் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல் மங்கிவிடுகிறது.

பதில்: இரண்டு காரணங்கள். 75 புள்ளிகளுக்குள் அதிகபட்சம் 37 ஹார்மோனிக்குகள்தான் அடங்கும். 2048-க்கு நீட்டியதால் புதியவை பிறந்துவிடாது. 587 ஹெர்ட்ஸில் அந்த 37 ஹார்மோனிக்குகளும் காது கேட்கும் எல்லை வரை எட்டுகின்றன; 73 ஹெர்ட்ஸில் வாசிக்கும்போது 2,700 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவது, உண்மையான கருவியின் ஒத்ததிர்வுகள் எந்தச் சுரம் வாசித்தாலும் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும்; அலையில் எல்லாம் சேர்ந்தே இறங்கிவிடும். மேலே உள்ள கம்பிகளைக் கையால் சேர்த்து, சிந்தசைசருக்குப் பின்னால் ஈக்வலைசரில் ஒன்றிரண்டு நிலையான மேடுகளை வைத்தால் பெருமளவு சரியாகும். தாழ்ந்த சுரங்களுக்கு வேறொரு நீண்ட சீவாளிக் கருவியைப் பதிவது இதைவிட நேர்மையான வழி.

கேள்வி (கிருஷ்ணகிரி): எனக்கு நேர் எதிர். சாதாரண சாம்ப்ளரில் மேல் சுரங்களில் சுருதிக்கு ஒட்டாத கீச்சொலி வருகிறது.

பதில்: அது அலியாசிங். 880 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு 22,050 ஹெர்ட்ஸ் எல்லைக்குள் 25 ஹார்மோனிக்குகளுக்கே இடமுண்டு. மிஞ்சியவை திரும்பி மடங்கி, சம்பந்தமில்லாத இடங்களில் ஒலிக்கும். நல்ல வேவ்டேபிள் சிந்தசைசர்கள் ஸ்தாயிக்கு ஏற்ப ஹார்மோனிக்கைக் குறைத்த பிரதிகளைத் தாமே வைத்துக்கொள்கின்றன. உங்கள் சாம்ப்ளர் அப்படிச் செய்யாவிட்டால், ஸ்தாயிக்கு ஒன்றாகக் குறைத்த அலைகளை நீங்களே செய்து, கீபோர்டில் பகுதி பகுதியாக ஒதுக்குங்கள்.

கேள்வி (தருமபுரி): ஆர்மோனியத்தின் ஒரே சுரத்திலிருந்து, மெல்ல ஊதியதும் பலமாக ஊதியதுமாக இரண்டு அலைகள் எடுத்து ஒரே வேவ்டேபிளில் வைத்தேன். ஒன்றிலிருந்து மற்றதற்கு நகரும்போது நடுவில் ஒலி இளைத்துவிடுகிறது.

பதில்: இரண்டு அலைகளின் ஃபேஸ்கள் எதிரெதிராக இருக்கின்றன. நடுவழியில் இரண்டும் கலக்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எடிட்டரில் எல்லா ஃபிரேம்களுக்கும் ஃபேஸ்களை ஒரே மதிப்புக்குக் கொண்டுவந்தால் போதும். மேலே சொன்னபடி தனித்தனியாகக் கேட்கும்போது ஒலி அனேகமாக மாறாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆர்மோனியத்தில் இரண்டு வரிசை நாக்குகள் சேர்ந்து ஒலித்தால் அவற்றுக்கிடையே அலைவு வரும், நீங்கள் வெட்டும் சுழற்சி அந்த அலைவின் ஏதோ ஒரு கணத்தை மட்டும் பிடிக்கும். ஒரே வரிசையைத் திறந்து பதியுங்கள்.

கேள்வி (பாப்பிரெட்டிப்பட்டி): எப்படிச் சேமிப்பது?

பதில்: மோனோ, வேவ் கோப்பு, 32 பிட் ஃப்ளோட். சேமிக்கும் முன் நார்மலைஸ் எஃபெக்டில் டிசி ஆஃப்செட்டை (அலை முழுவதும் பூச்சியக் கோட்டிலிருந்து விலகி நிற்பதை) நீக்கும் தேர்வையும் சேர்த்து ஓட்டுங்கள். கோப்பின் பெயரில் கருவி, பதிந்த சுரம், சாம்பிள் நீளம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். கலைஞர் இசைந்தால் அவர் பெயரும் இருக்கட்டும்.