தறிக்காரர் மகள் டிசைன் படிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

குறிஞ்சிப்பாடியிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு கடலூரில் என்னைச் சந்தித்தபோது, "தறிக்குழியிலிருந்து ஏறி வரட்டும் என்றுதானே படிக்க வைக்கிறேன், மறுபடியும் துணிக்கே போகிறேன் என்கிறாளே" என்று வருந்தினீர்கள். அன்று நேரமில்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அவள் கொண்டுவந்த கோடு போட்ட நோட்டை நிதானமாகப் பார்த்தேன். ஒவ்வொரு கைலிக் கட்டத்துக்கும் நீளவாக்கில் ஓடும் பாவில் எத்தனை இழை, என்ன நிறம் என்று பென்சிலால் எழுதி, குறுக்கே ஓடும் ஊடை நூல் மாறும் இடங்களில் குறுக்குக் கோடு இழுத்திருந்தாள். டிசைன் கல்லூரிக்கு வரும் பெரும்பாலோர் அங்கே போய்த்தான் இதைத் தொடங்குகிறார்கள். அதனால்தான் உடையை வடிவமைக்கும் ஃபேஷன் டிசைனைவிட, துணியையே வடிவமைக்கும் டெக்ஸ்டைல் டிசைனே அவளுக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன். துணி எப்படி இருக்க வேண்டும், என்ன விலைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்பவர் ஒருவராகவும், கூலிக்கு நெய்பவர் வேறொருவராகவும் இருப்பதால்தான் உங்கள் உழைப்புக்கு உரிய பலன் வீட்டுக்கு வரவில்லை. உங்கள் மகள் அந்த முடிவெடுக்கும் இடத்துக்குப் போகப் பார்க்கிறாள்.

சென்னை தரமணியில் உள்ள நிஃப்ட் என்னும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்தின் நான்காண்டு பி.டெஸ். (டிசைன் பட்டப்) படிப்புக்கு, பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். கட்டணம் பல லட்சம் ஆகும் என்பதை மறைக்க மாட்டேன். கல்விக் கடனையும் உதவித்தொகையையும் இப்போதே விசாரியுங்கள். அது எட்டாவிட்டால், 1960-இல் தொடங்கிய சேலம் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்றாண்டு டிப்ளமோ இருக்கிறது. அதைத் தாழ்வாக எண்ண வேண்டாம்.

இயற்கைச் சாயத்தில் அவளுக்குள்ள ஆர்வத்தைத் தடுக்காதீர்கள். விடுமுறையில் ஆரோவில் பக்கம் அழைத்துப் போய் அவுரிச் செடியின் நீலச் சாயத்தில் துணியை முக்கும் தொட்டியைக் காட்டுங்கள்: எடுக்கும்போது பச்சையாக இருக்கும் துணி, காற்றுப் பட்டதும் கண்ணெதிரிலேயே நீலமாகும். அப்படி நீலமேற்றிய, "கினி" என்று பெயர் பெற்ற பருத்தித் துணியைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1897-இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்த பிறகு அவுரிச் சாகுபடி சுருங்கிப்போனது.

வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். நொய்யல் ஆறு மாசுபட்டதால் 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயக்கழிவும் தொழிலாளர் நிலையும் தெரிந்தவர்கள் இல்லாமல் ஏற்றுமதி நடக்காது என்று அந்தத் தொழிலுக்கு அப்போது புரிந்தது. எனவே வரைபவர்களுக்கு மட்டுமல்லாமல், நூல் எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்ந்து சரிபார்ப்பவர்களுக்கும் இன்று இடமுண்டு. ஆனால் "இயற்கைக்கு உகந்தது" என்று சீட்டு ஒட்டிய எல்லா நிறுவனமும் நேர்மையானது அல்ல. ஜி.ஓ.டி.எஸ். என்னும் இயற்கை வேளாண் துணிகளுக்கான உலகத் தரச் சான்று பெற இயற்கை வேளாண் இழை குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும். அதனுடன் கழிவுநீர், கூலி விதிகளும் உண்டு. வேலைக்குச் சேரும் முன் அத்தகைய சான்றைக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இப்போதே வரட்டும். தொடக்கச் சம்பளம் பொறியியல் படித்தவர்களைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு மாலை அவளோடு உட்காருங்கள். சிட்டமாகச் சுற்றி வாங்கும் நூலின் விலை, சாயம், பாவு ஓடிய கூலி, நீங்கள் தறியில் இருந்த மணிநேரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கைலியின் அடக்க விலையை அந்த நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதச் சொல்லி, அடுத்த முறை வரும்போது அதையும் கொண்டுவாருங்கள்.