மருந்துக்கு மசியாத சீழ்க்கிருமி: கேள்வி பதில்

பதில் சொல்பவர், மருத்துவமனை ஆய்வகத்தில் பணிபுரியும் நுண்ணுயிரியல் மருத்துவர்.

அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை. அதற்கு முன் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்ததில் எம்ஆர்எஸ்ஏ இருக்கிறதாம். அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். பயமாக இருக்கிறது, டாக்டர்.

அம்மாவுக்கு நோய் இல்லை, கிருமி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஸ்டாஃப் ஆரியஸ் கிருமி பத்தில் மூன்று பேர் மூக்கில் சும்மா குடியிருக்கும். அதில் பெனிசிலின் வகை மருந்துக்கு மசியாத ரகம்தான் எம்ஆர்எஸ்ஏ. கத்தி பட்ட இடத்தில் புகுந்தால்தான் ஆபத்து. பொதுவாக ஐந்து நாள் மூக்கில் மியூபிரோசின் களிம்பு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் குளியல் என்று சொல்வார்கள். அறுவையின்போது போடும் ஆன்டிபயாடிக்கையும் அதற்கேற்ப மாற்றுவார்கள். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கபடி ஆடுகிறேன். விடுதியில் நாலைந்து பேருக்குத் தொடையில் கட்டி. கடையில் அமாக்சிசிலின் வாங்கிப் போட்டும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத எங்களுக்கு எப்படி வந்தது?

தம்பி, இதே கேள்வி 1999-இல் அமெரிக்காவை உலுக்கியது. மினசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களில் நான்கு குழந்தைகள் எம்ஆர்எஸ்ஏவால் இறந்திருந்தார்கள். மருத்துவமனையில் தொற்றியதாகச் சொல்ல வழியில்லாத பிள்ளைகள். முதலில் கொடுத்த, பெனிசிலினுக்கு உறவான செஃபலோஸ்போரின் மருந்து வேலை செய்யவில்லை. 2003-இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ஐந்து வீரர்களுக்கு வந்தது. புல்தரையில் உராய்ந்த சிராய்ப்பு வழியாகக் கிருமி புகுந்தது, ஒரே துண்டைப் பலர் பயன்படுத்தியதும் சேர்ந்துகொண்டது. உங்கள் ஆடுகளத்திலும் இரண்டுமே இருக்கும்.

கட்டியைப் பிதுக்காதீர்கள். மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் முக்கால் வைத்தியம். அந்தச் சீழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள். கிருமியைத் தட்டில் பரப்பி, செஃபாக்சிடின் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றிய சிறு வில்லை ஒன்றை வைப்போம். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளப்போம். 22 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் சாதா ரகம், 21 அல்லது அதற்குக் கீழே என்றால் எம்ஆர்எஸ்ஏ. அப்புறம் அமாக்சிசிலின் எத்தனை பட்டை விழுங்கினாலும் வீண். இது எதுவும் தெரியாமல் கடையில் மாத்திரை கிழித்துக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆறும்வரை ஆட வேண்டாம். புண்ணை மூடி வையுங்கள். துண்டு, ரேசர் தனித்தனியாக இருக்கட்டும்.

வார்டில் கையுறை போட்டுத்தான் வேலை செய்கிறோம். அது போதாதா?

போதாது, சிஸ்டர். ஒரே கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போனால் கிருமியும் கூடவே போகும். கழற்றிய பிறகும் கை சுத்தம் செய்ய வேண்டும், ஆல்கஹால் திரவமே போதும். இங்கிலாந்தில் ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ தொற்றைப் பாதியாக்க 2004-இல் இலக்கு வைத்து, கை சுத்தத்தையும் ரத்தக்குழாயில் செருகி வைக்கும் குழாய்களின் பராமரிப்பையும் கறாராகக் கவனித்தார்கள். 2008-க்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் எல்லாச் சுமையையும் செவிலியர் தலையில் கட்டக் கூடாது. கட்டிலுக்குக் கட்டில் திரவம் வைப்பது நிர்வாகத்தின் கடமை.

இந்த எதிர்ப்பு எப்போது தொடங்கியது?

இந்தக் கிருமி பெனிசிலினை 1940-களிலேயே தாண்டிவிட்டது. அதற்காக மெத்திசிலின் என்ற மருந்து 1959-இல் வந்தது (எம்ஆர்எஸ்ஏவின் ‘எம்’ அதுதான்), 1961-இல் இங்கிலாந்திலேயே அதையும் தாண்டிய கிருமி பதிவானது. செல்சுவர் கட்டும் புரதத்தைப் பெனிசிலின் வகை மருந்துகள் முடக்கும். மெக்ஏ என்ற மரபணு, அந்த மருந்துகளுக்குச் சிக்காத மாற்றுப் புரதம் ஒன்றைச் செய்து தருகிறது.

அப்படியானால் மருந்தே இல்லையா?

இருக்கிறது. தோல் கட்டிக்கு டாக்சிசைக்ளின், கோட்ரைமாக்சசோல் போன்ற பழைய மாத்திரைகளே பல நேரம் கேட்கும். தீவிரமானால் ரத்தக்குழாய் வழியாக வான்கோமைசின். அதற்கும் முழுக்க மசியாத கிருமி 2002-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தென்பட்டது, நல்லவேளை இன்றும் அபூர்வம்தான்.