புரட்சிக் காலத்து வெள்ளி பெசோ: வாங்கிப் போடலாமா?

கேள்வி: டெக்சாஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். மெக்சிகோ புரட்சியின்போது 1914-இல் அடித்த 'முவேரா ஹுவெர்த்தா' வெள்ளி பெசோ ஒன்றை நாணயக் கண்காட்சியில் பார்த்தேன். 3,000 டாலர் சொல்கிறார்கள். வெள்ளி விலை ஏறும்போது இதுவும் ஏறும்தானே?

பதில்: வெள்ளிக்காக என்றால் வேண்டவே வேண்டாம். அந்தக் காசில் ஒரு ட்ராய் அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) வெள்ளிகூடக் கிடையாது. நீங்கள் கொடுக்கும் பணம் கிட்டத்தட்ட முழுக்க அதன் அபூர்வத்துக்கும் கதைக்கும்தான். கதை நல்ல கதை, மறுக்கவில்லை. 1913-இல் ஆட்சியைப் பறித்த ராணுவத் தளபதி ஹுவெர்த்தாவை எதிர்த்த புரட்சித் தலைவர் பான்ச்சோ வில்லா தரப்புப் படை, துராங்கோ மாநிலத்து குவென்காமேயில் காசு அடித்து, 'முவேரா ஹுவெர்த்தா', அதாவது 'ஹுவெர்த்தா சாகட்டும்' என்று அதன் மேலேயே பொறித்தது. இப்படி ஒரு காசைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும்.

சிக்கல் என்னவென்றால், கிடைத்த வெள்ளியை அவசரத்தில் அடித்த காசு இது, அசலே கோணல்மாணலாகத்தான் இருக்கும், எடையும் காசுக்குக் காசு மாறும், அதனால் தராசில் வைத்தோ அச்சு மழுங்கியிருப்பதைப் பார்த்தோ நீங்களும் நானும் போலியைப் பிடிக்க முடியாது. போலி அடிப்பவனுக்குக் கொண்டாட்டம்! நாணயங்களைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்களான என்.ஜி.சி. அல்லது பி.சி.ஜி.எஸ். சோதித்து மூடிய பிளாஸ்டிக் உறையில் இல்லையென்றால், விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் நகர்ந்துவிடுங்கள். உறை இருந்தாலும் அதன் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், உறையிலேயே போலி வருகிறது.

அப்புறம் விற்கும் கதை. வியாபாரி தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார், ஏலத்தில் விட்டால் கமிஷன். மிஞ்சும் லாபத்துக்கு, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தாலும், அமெரிக்காவில் சேகரிப்புப் பொருள் என்று 28 சதவீதம் வரை வரி. பங்குகளுக்கு இவ்வளவு கிடையாது.

401கே ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கில் கம்பெனி தன் பங்காகப் போடும் பணத்தை முழுசாக வாங்குகிறீர்களா, ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா? இரண்டும் சரி என்றால், ஆசைக்கு வாங்குங்கள், முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். முதல் காசுக்கே 3,000 எதற்கு? அதே காலத்தில் மெக்சிகோ அரசு அடித்த குதிரை பெசோ, 'கபாயீட்டோ' என்பார்கள், 27 கிராம், 90.3 சதவீத வெள்ளி. எடையும் அச்சும் ஒரே சீர் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், 1914 ஆண்டுக் காசை விட்டால் மற்றவை விலையும் குறைவு.

எதை வாங்கினாலும் குத்துவிளக்கு மாதிரி விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பு போனால் விலையும் போகும்.