அரசுத் தரப்பு சாட்சியத்தை மறைத்து, நீதிபதியும் அதைக் கண்டுகொள்ளாவிட்டால், அவர்களுக்குத் தண்டனை உண்டா?

சட்டத்தில் இடம் உண்டு. நடைமுறையில் அநேகமாக இல்லை. இப்படிக் கேட்பவரின் வீட்டில் யார் மீதோ வழக்கு நடக்கிறது என்று ஊகித்தே எழுதுகிறேன்.

எதிரித் தரப்பு (குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு) வழக்கறிஞர் ஒருவரிடம் நான் ஜூனியராக இருந்தபோது நடந்த கொலை முயற்சி வழக்கு அது. ஒரே நேரடிச் சாட்சி, சம்பவத்துக்கு மறுநாளே போலீஸாரிடம் வாக்குமூலம் கொடுத்திருந்தார் என்பது, விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்தபோதுதான் வெளியே வந்தது. எங்களுக்குத் தரப்பட்ட நகல்களில் இருந்ததோ, அதே சாட்சி சில வாரங்கள் கழித்து, எதிரியின் பெயர் முதல் சட்டை நிறம் வரை பிசகாமல் சொன்ன இரண்டாவது வாக்குமூலம் மட்டுமே. முதலாவதைக் கேட்டு மனுப் போட்டோம். அப்படி ஒன்று கோப்பில் இல்லை என்று அரசு வழக்கறிஞர் எழுத்திலேயே பதில் தந்தார். வழக்கை இழுத்தடிக்கும் நோக்கம் என்று ஒற்றை வரியில் நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, இல்லாத வாக்குமூலம் அதே கோப்பிலிருந்து வந்தது: இருட்டாக இருந்தது, வெட்டியவரின் முகம் தெரியவில்லை. அதுவரை ஜாமீன் கிடைக்காமல் அந்த மனிதர் சிறையில் இருந்தார். விடுதலைத் தீர்ப்பு, சாட்சியை ஏன் நம்ப முடியாது என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறதே தவிர, வாக்குமூலம் எங்கே போயிருந்தது என்று கேட்கவில்லை. மனுவைத் தள்ளியவரே தீர்ப்பையும் எழுதினார்.

எல்லா அரசு வழக்கறிஞர்களையும் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பாதகமானதையும் தாமாக எடுத்து நீட்டியவர்களை எதிர்த்தும் வழக்காடியிருக்கிறேன். போலீஸார் கொடுக்காததை அரசு வழக்கறிஞர் எப்படித் தருவார் என்ற வாதம், கோப்பிலேயே இருந்த ஆவணத்துக்குப் பொருந்தாது.

எதிரிக்குச் சாதகமான சாட்சியத்தை மறைக்கக் கூடாது என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக வேறல்ல. டெக்சாஸில் மனைவியைக் கொன்றதாக 1987-ல் தண்டிக்கப்பட்ட மைக்கேல் மார்ட்டன், டிஎன்ஏ சோதனையால் 2011-ல்தான் வெளியே வந்தார். கொலை நடந்தபோது அப்பா வீட்டில் இல்லை என்று அவருடைய சிறு மகன் பாட்டியிடம் சொன்னதும், பாட்டி அதைப் போலீஸாரிடம் தெரிவித்ததும் எதிரித் தரப்புக்குக் காட்டப்படவே இல்லை. அந்த வழக்கை நடத்தி, பின்னாளில் நீதிபதியுமான கென் ஆண்டர்சனுக்கு 2013-ல் விதிக்கப்பட்டது 10 நாள் சிறை. உள்ளே இருந்தது 5 நாள்.

உங்கள் வழக்கு இந்தியாவில் நடக்கிறதென்றால், அரசுத் தரப்பு தன் வழக்குக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளாத வாக்குமூலங்கள், ஆவணங்களின் பட்டியலையும் எதிரிக்குத் தர வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதியைக் காட்டி, சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே அந்தப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டில் உதவப்போவது அந்தக் காகிதம்தான்.